அறுபது ஓடு

நல்ல ஓடாகப் பார்த்து எடுத்துக் கொடுங்கள் அண்ணா. விரலை மடக்கித் தட்டினால் கணீர் என்று கேட்கவேண்டும். அதோ அந்த அடுக்கில் மூன்றாவது இருக்கிறதே, அது வேண்டாம், தட்டாமலே தெரிகிறது. அறுபது போதும். நாலைந்து கூட இருந்தாலும் ஏற்றிவிடுங்கள், போகிற வழியில் ஒன்றிரண்டு உடையும்.

வீட்டுக்கு இல்லை. கோழிக்கூண்டுக்கும் இல்லை. நீங்கள் கேட்டது நியாயம்தான், அறுபது ஓட்டில் எந்தக் கூரையை மூடுவது? உடைப்பதற்குத்தான். ஆமாம், உடைக்க. சிரிக்காதீர்கள். நான் கராத்தே மாஸ்டர். உடுமலையில் ரங்கதுரை மாஸ்டர் என்றால் முன்னெல்லாம் ஆட்டோக்காரன் வாசலிலேயே கொண்டுவந்து இறக்குவான்.

நீங்களும் ஏற்றுங்கள், நானும் எடுத்துக் கொடுக்கிறேன். குட்டியானை வண்டி டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறான், அவன் வருவதற்குள் முடித்துவிடலாம்.

உள்ளூரில் ஓடு கிடைக்காமல் பொள்ளாச்சி வரைக்கும் வந்தேன் என்று நினைக்கவேண்டாம். உடுமலையில் இடிக்கிற வீட்டுக்கா பஞ்சம்? மாரப்பன் கிடங்கில் மலை மாதிரிக் குவிந்து கிடக்கிறது. இருபது வருஷமாக அவனிடம்தான் எடுத்தேன். போன வாரம் போனால், ஆள் நாற்காலியை விட்டே எழுந்திருக்கவில்லை. 'ஓடு இல்லீங் மாஸ்டர்' என்கிறான். மலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. 'அப்ப அது என்ன மாரப்பா?' என்றேன். 'அது உங்களுக்கு இல்லீங்' என்றான்.

அதுதான் அண்ணா எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் வெளியூர்க்காரர், எந்தப் பக்கமும் சாயாதவர். ரெண்டு பக்கத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ராத்திரி எனக்கு ஒரு மில்லில் கேட் காவல். காலையில் ஆறிலிருந்து ஏழரை வரைக்கும் கல்யாண மண்டபத்தில் கார் நிறுத்துகிற இடத்தில் வகுப்பு. இருபத்து மூன்று வருஷம். கற்றுக்கொண்டது முக்கால்வாசி நானாகத்தான். கோயமுத்தூரில் ஒரு மாஸ்டர் இருந்தார், பீட்டர் என்று. அவரிடம் ஒன்றரை வருஷம் போனேன். என்ன சொல்லிக் கொடுத்தார் என்று நினைக்கிறீர்கள்? ஓட்டம். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டம். நிறுத்தினால் ஒரு கேள்வி. 'டேய், இந்த எடத்துக்கு வாசல் எத்தனை?' தெரியவில்லை என்றால் மறுபடி ஓட்டம். பஸ்ஸில் போனாலும் கேட்பார், ஓட்டலில் இட்லி தின்றாலும் கேட்பார். 'அடிக்க வர்றவனைப் பார்க்கறதுக்கு முந்தி வாசலைப் பாரு. காலு முதல்ல. கை கடைசி.' ஓடு உடைத்துக் காட்டுங்கள் மாஸ்டர் என்றால், 'அது உங்களை என்னடா செஞ்சுது?' என்பார். ஒன்றரை வருஷத்தில் ஒரு மஞ்சள் பெல்ட் கிடையாது.

பயந்து ஓடுவதற்கு ஒரு வாத்தியாரா? விட்டுவிட்டு வந்தேன். ஒரு புத்தகம் வாங்கினேன். மில் கேட் விளக்கடியில் படம் பார்த்துப் பார்த்து நானே காலைத் தூக்கினேன், நானே விழுந்தேன். நாய் மட்டும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை அண்ணா. அதனால்தான் எனக்குத் தெரியும், ஒரு நல்ல மாஸ்டர் எதைக் கொடுக்கவேண்டும் என்று. தைரியம். வேறு ஒன்றும் வேண்டாம். குத்து, உதை எல்லாம் அப்புறம்.

இது லேசாக விரிசல் விட்டிருக்கிறது, அக்கட்ட ஓரமாக வையுங்கள்.

கோகிலவாணி என்று ஒருத்தி வந்து சேர்ந்தாள். முப்பத்து மூன்று வயது. பனியன் கம்பெனியில் டெய்லர். இடுப்பு வலி, உடம்பு குறையவேண்டும் என்றாள். குறைவதற்கு அவளிடம் உடம்பே இல்லை. ஒரு வாரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இடது கை தோளுக்கு மேல் போகாது. எதிரே நிற்கிறவர் கையைத் தூக்கினால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். பயிற்சிதான், மேலே படாது என்று தெரியும், இருந்தாலும் மூடிக்கொள்வாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது, அது ஒரு மரியாதை. வீட்டு விவகாரம் வீட்டோடு.

ஆனால் அந்தக் கண்ணைத் திறக்கவைத்தது நான். நாலு மாசம். 'கோகிலா, என்ற கையைப் பாரு. மூடாதே. பாத்துக்கிட்டே இரு.' முகத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் வந்து நிற்கும் என் கை. முதலில் தலையைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். நாலாவது மாசம் இமை கொட்டாமல் நின்றாள். அன்றைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அண்ணா. கண் மூடாமல் நிற்கிற ஒரு பெண்ணை நான் உண்டாக்கினேன். மாரப்பன் செய்வானா?

அவள் கேள்வி கேட்கிற ஆளே இல்லை. ஒரே ஒரு தடவை கேட்டாள். எல்லோரும் போன பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல். 'மாஸ்டர், நம்மளைவிட ரெண்டு பங்கு கனமான ஆளு. அடிச்சா விழுவாங்களா?'

'முறையா அடிச்சா யானையே விழும் அம்மிணி' என்றேன்.

'நெசமாலுமேங்களா?'

'சத்தியமா.'

வேறு என்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள். விழமாட்டான் என்றா? அப்புறம் அவள் எதற்கு வருவாள்?

எத்தனை ஆச்சு? இருபத்தெட்டா. சரி.

இனி ஓட்டு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஓட்டிலேயே புழங்குகிறவர், உங்களிடம் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆண்டு விழாவில் மேடையில் ஓடு உடைப்பது வழக்கம். அது இல்லாமல் விழா கிடையாது. ரெண்டு பக்கம் செங்கல் வைத்து, ஐந்து ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் குச்சி வைத்து இடைவெளி விட்டு அடுக்குவோம். ஒரே குத்து. மண்டபமே எழுந்து நிற்கும். அந்த ஓட்டை அப்படியே கொடுத்தால் புதிதாக வந்தவள் கை என்ன ஆவது? அதனால் முதல் நாளே ஆக்சா பிளேடால் பின்பக்கம் குறுக்கே ஒரு கோடு அறுத்துவிடுவேன். முக்கால் ஆழம். அந்தக் கோட்டில் செம்மண்ணைக் குழைத்து அடைத்துக் காயவைத்தால் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. ஆனால் சத்தம் செத்துப்போகும், தட்டினால் கண்டுபிடித்துவிடலாம். அதற்குத்தான் அறுக்காத ஓடு ஒன்று தனியாக வைத்திருப்பது. விழாவுக்கு வருகிற பெரிய மனிதரைக் கூப்பிட்டு அதைத் தட்டிப் பார்க்கச் சொல்வேன். கணீர் என்று கேட்கும். அவர் மைக்கில் 'நல்ல ஓடுதான்' என்பார். எனக்குத் தெரிந்த மாஸ்டர்கள் எல்லோரும் செய்கிறதுதான் அண்ணா. ஏமாற்று என்றால் குழந்தைக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவதும் ஏமாற்றுத்தான்.

அறுப்பது மில்லில், காவலின்போது. மண் அடைப்பது என் சம்சாரம் வசந்தாமணி. கை அவளுக்குச் சுத்தம். கோகிலா மேடை ஏறிய வருஷம் அடைத்துக்கொண்டே சொன்னாள், 'அந்தக் கோகிலாவுக்கு மட்டுமாவது இதைச் சொல்லிப்போடுங்க.'

'எதுக்கு?'

'அது வேற மாதிரிக் கேட்டுட்டிருக்குதுங்க. நேத்து இங்க வந்து, ஓடு ஒடைஞ்சா எலும்பு ஒடையுமா அக்கான்னு என்னையக் கேக்குது.'

'சொன்னா தைரியம் போயிரும், நீ மண்ணை அடை' என்றேன். அடைத்தாள். அப்புறம் கொஞ்ச நாளில் மகள் வீட்டுக்குப் போனவள், முழங்கால் வலி, மாடி ஏற முடியவில்லை என்று அங்கேயே இருக்கிறாள். எங்கள் வீட்டில் மாடி கிடையாது. வயசானால் என்னவோ சொல்கிறார்கள், விடுங்கள்.

விழாவில் கோகிலவாணிதான் கடைசி. வெள்ளை உடுப்பு, பச்சை பெல்ட். மேடையில் ஏறியதும் மண்டபமே சிரித்தது, அந்த ஒல்லி உடம்பைப் பார்த்து. யாரோ, 'ஓடு பத்திரமுங்கோ, அம்மிணி மேல விழுந்துறப் போகுது' என்று கத்தினான். அவள் திரும்பவில்லை. இடது கால் முன்னே, மடக்கிய கை இடுப்பில். ஒரு மூச்சு. இறங்கியது பாருங்கள், அஞ்சும் பொடிப்பொடி. சிரித்தவனெல்லாம் நாற்காலி மேல் ஏறி நின்றான்.

அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி. 'இது என்ற கைங்களா மாஸ்டர்?'

'உன்ற கைதான்.'

'ஓடு நல்ல ஓடுதானுங்களே?'

எதற்குக் கேட்டாள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். 'சூளைல சுட்ட ஓடு அம்மிணி, வேற என்ன?' என்றேன். மைக் பக்கத்தில் இருந்தது. நானூறு பேர் இருந்தார்கள். அந்த இடத்தில் நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? உடைந்ததில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். வீட்டில் வைக்க.

மூன்றாவது வரிசையில் அவள் வீட்டுக்காரன் உட்கார்ந்திருந்தான். சென்னியப்பன். நன்றாகக் கை தட்டினான். கூட்டம் கலைந்ததும் மேடைக்கு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். 'என்ற சம்சாரத்தைப் பெரிய ஆளாக்கிப்போட்டீங் மாஸ்டர்.' நல்ல மரியாதை. குனிந்து கீழே கிடந்த துண்டு ஒன்றை எடுத்தான், விளிம்பில் கட்டை விரலால் ஒரு தேய் தேய்த்தான், விரலைப் பார்த்தான், சிரித்தான், திரும்பக் கீழே வைத்துவிட்டுப் போனான். அவனுக்கு என்ன வேலை தெரியுமா? ஓட்டு வீடு பிரிக்கிறது. பிரிக்கிற வீட்டு ஓடெல்லாம் அவன் கை வழியாகத்தான் உங்களைப் போன்றவர்களிடம் வருகிறது. அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் மேடையைச் சுத்தமாகக் கூட்டியிருப்பேன்.

பதினோராவது நாள்.

அந்த ஓட்டுத் துண்டை டீவி மேல் வைத்திருந்தாளாம். வேலையிலிருந்து வந்தவன் அதை எடுத்துக் கொல்லையில் வீசினான். 'எடுத்தாந்து வையிங்க' என்றாளாம். பதினாலு வருஷத்தில் அவள் அவனுக்குச் சொன்ன முதல் வேலை அதுதான். கையை ஓங்கிக்கொண்டு வந்தான். கண்ணை மூடவில்லை அண்ணா. பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், அவளிடம் நான் நேரில் போய்க் கேட்டேன். கோகிலா எப்படி நின்றாள் என்று நின்று காட்டச் சொன்னேன். காட்டினாள். இடது கால் முன்னே, மடக்கிய கை இடுப்பில், முதுகு நேர். ஒரு பிழை கிடையாது. பரீட்சையாக இருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன்.

'வா, ஒடைச்சுக் காட்டு' என்றானாம் அவன், நெஞ்சை விரித்துக்கொண்டு. சிரித்துக்கொண்டே. அவள் நெஞ்சில் ஒரு குத்து விட்டாள். நல்ல குத்தாகத்தான் இருந்திருக்கும், நான் சொல்லிக் கொடுத்தது. அவன் ஓரடி நகரவில்லை. 'ஓட்டை அறுத்து வெச்ச மாதிரி என்னையும் அறுத்து வெச்சிருக்கறான்னு நெனைச்சியா?' என்றானாம். அந்தப் பேச்சு பக்கத்து வீட்டம்மாவுக்குப் புரியவில்லை. என்னைக் கேட்டாள், எனக்கும் புரியவில்லை என்றேன்.

அப்புறம் அந்த வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் வைத்தான். அம்மிக் குழவியால். மூன்று தடவை.

ஒரு நிமிஷம் இருங்கள். இந்த வெயில்.

பகலில் எனக்குத் தூக்கம் வருவதில்லை, அதனால்தான். வீட்டுக்குப் பக்கத்தில் கிரில் பட்டறை, நாள் முழுக்க இரும்பை அடிப்பான். போன வருஷம் வரை அந்தச் சத்தத்தில்தான் தூங்கினேன். இப்போது ஒவ்வொரு அடிக்கும் விழித்துக்கொள்கிறேன். வயசுதான்.

அவனைப் போலீஸ் கொண்டுபோனது, ஜாமீனில் வந்தான், வேறு ஊருக்குப் போய்விட்டான். அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதெல்லாம் என்னைத்தான். நாற்பத்திரண்டு பேர் இருந்த வகுப்பு, இப்போது ஒன்பது. அடித்தவன் அவன். நானா குழவியைத் தூக்கினேன்?

மூன்று மாசம் கழித்துப் பார்க்கப் போனேன். குடிமங்கலத்துக்கு அந்தப் பக்கம், அம்மா வீட்டில் இருக்கிறாள். ஒரு நல்ல மாஸ்டர் போகாமல் இருக்கக் கூடாது அல்லவா. திராட்சை வாங்கிக்கொண்டு போனேன். அழுவாள், திட்டுவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை நீட்டிக்கொண்டு சொல்கிறாள், 'பீச்சாங்கைல தாரேனுங்க. தப்பா எடுத்துக்காதீங் மாஸ்டர்.'

வலது கை முந்தானைக்குள் இருந்தது. நான் பார்க்கவில்லை. தையல் மிஷினை விற்றுவிட்டார்களாம், அந்த இடத்தில் ஒரு முக்காலி கிடந்தது. முக்காலி மேல் அந்த ஓட்டுத் துண்டு.

கொல்லையில் வீசியது அங்கேயே கிடந்திருக்கிறது. பக்கத்து வீட்டம்மா எடுத்துக் கொடுத்தாளாம். ஐப்பசி மழை முழுக்க அதன்மேல் பெய்திருக்கிறது. ஓடு கோட்டில்தான் உடையும் என்றில்லை பாருங்கள், இந்தத் துண்டு கோட்டை நடுவில் வைத்துக்கொண்டு உடைந்திருந்தது. செம்மண் கரைந்து, அறுத்த கோடு பளிச்சென்று, அடிக்கோல் வைத்துப் போட்ட மாதிரி.

'இது எல்லா ஓட்டுலயும் இருக்குமுங்களா மாஸ்டர்?' என்றாள். சண்டைக்காரி மாதிரி இல்லை. வகுப்பில் கேட்கிற மாதிரி.

'அது அச்சுல வார்க்கறப்ப விழற கோடு அம்மிணி' என்றேன்.

உங்களுக்குத் தெரியும், அச்சில் அப்படிக் கோடு விழாது. அவளுக்கு எப்படித் தெரியும்?

'அப்படீங்களா' என்றாள். இடது கையால் அதைத் திருப்பி வைத்துக்கொண்டே, 'அன்னிக்குக் கொல்லைக் கதவு தொறந்துதான் இருந்துதுங்க. பக்கத்து வீட்டக்கா வந்துரு வந்துருன்னு கூப்புட்டாங்க. எப்பவும் அந்த வழியாத்தான் போயிருவனுங்க, பதினாலு வருசமா. அன்னிக்குத்தான் போகலை. கை இருக்குதேன்னு நின்னுட்டனுங்க' என்றாள்.

நான் காப்பியைக் குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது. அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனபோது அந்தத் துண்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். திருட்டு இல்லை அண்ணா. அந்தத் துண்டைப் பார்த்துப் பார்த்து அவள் எதற்கு வேதனைப்படவேண்டும்? இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. இதோ பாருங்கள், இதுதான். கோடு தெரிகிறதா? கையில் பிடித்துப் பாருங்கள். எத்தனை நேராக அறுத்திருக்கிறேன் பாருங்கள்.

தப்பு எங்கே நடந்தது என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். பீட்டர் மாஸ்டர் இருந்தால், வாசல் எத்தனை என்று கேட்டிருப்பார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் யோசித்ததில் எனக்குத் தெரிந்தது இது. தப்பு செம்மண்ணில். தண்ணீர் பட்டால் கரைகிறது, விரலால் தேய்த்தால் உதிர்கிறது. அதனால்தான் அவன் கண்டுபிடித்தான். கண்டுபிடித்திருக்காவிட்டால் அவளுடைய கைக்கு அவனும் பயந்திருப்பான் அல்லவா? அவளுக்கும் கடைசி வரைக்கும் தைரியம் இருந்திருக்கும். ஒரு நல்ல மாஸ்டர் என்றால் செய்த தப்பிலிருந்து கற்றுக்கொள்ளவேண்டும்.

அதுதான் உங்களிடம் ஒரு யோசனை கேட்கலாம் என்று. விரிசல் விட்ட ஓட்டை என்னவோ பசை வைத்து அடைத்துக் கொடுப்பீர்களாமே, எத்தனை மழை பெய்தாலும் அசையாதாமே. அதில் கொஞ்சம் காவி கலந்தால் ஓட்டு நிறம் வருமா? விரலால் தேய்த்தால் உதிராதே? எனக்கு ஒரு டப்பா போதும்.

ஏனுங்கண்ணா? ஏன் இறக்குகிறீர்கள்? நாற்பதுக்கு மேல் ஏற்றியாகிவிட்டதே. நான் எண்ணிக்கொண்டுதானே இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விழா, ஒன்பது பேரும் பெயர் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒரு டீச்சரம்மா, புதிதாகச் சேர்ந்தது. இந்த வெயிலிலும் முழுக்கை போட்டுக்கொண்டுதான் வரும், ரொம்பக் கூச்ச சுபாவம். நேற்றுதான் சொன்னேன், 'பயப்படாதீங்க, உங்க கைல என்ன இருக்குதுன்னு ஞாயித்துக்கிழமை உங்களுக்கே தெரியும்' என்று. அதற்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா? நான் இப்போது வெறும் கையோடு போனால்...

அந்தத் துண்டையாவது கொடுங்கள். அது என்னுடையது.

என்ன? என்ன சொன்னீர்கள்? எதற்கு வாசலைக் காட்டுகிறீர்கள்? இரைந்து சொல்லுங்கள் அண்ணா.

தெரிகிறது. கேட் திறந்துதான் இருக்கிறது.